அன்று அந்த அறையில் ஒருத்திதான் இருந்தாள்

அவையை அன்போடு நடத்தும் தலைவர் ஐயா அவர்களே! சங்கத்தின் சுமையைத் தோளில் சுமக்கும் செயலாளர் அம்மையார் அவர்களே! பிறர் பெற்ற பிள்ளைகளின் பின்னால் ஓடியோடி முழங்கால் தேய்ந்து, இன்று முன்வரிசையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் மூத்தோரே! பெற்ற பிள்ளையை முன்பின் அறியாத ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுமோ என்று திரும்பாமலே வேலைக்கு ஓடுகிற தாய்மாரே! தோளில் போட்டுத் தட்டத் தெரிந்த தந்தைமாரே! இன்று சான்றிதழ் பெற்று, நாளை முதல் மழலையர் பள்ளிகளுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் தலைமைப் பொறுப்பேற்கப் போகும் முப்பத்தாறு பேரே! எல்லோருக்கும் மேலாக, இரண்டாம் வரிசையில் அம்மா மடியில் இருந்தபடி, ‘இந்தப் பொம்பளை எப்போது முடிப்பாள்’ என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு வயதுப் பெரியவரே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கொஞ்சம் சிரிப்பைக் கையிருப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள். போகப் போகத் தேவைப்படும்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘தலைமைக்கு உயர்வது எப்படி?’ என்பது. தரப்பட்ட நேரம் இருபது நிமிடம். உயர்ந்த கதைக்கு இரண்டு நிமிடம் போதும். படித்தேன், பயிற்சி பெற்றேன், பதவி காலியானது, போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு என்ன செய்தேன் என்று சொல்லத்தான் மிச்சம் பதினெட்டு நிமிடமும் வேண்டும். பதினைந்து ஆண்டுகளாகத் தொண்டையில் முள்ளாகத் தைத்து நிற்கும் ஒன்றை இன்று நான் இந்த மேடையில் எடுத்து வைக்க வேண்டும்.

என்னை அறிமுகம் செய்த அம்மையார் அழகாகப் பேசினார். ‘ஒரு நிமிடமே ஆனாலும், குழந்தைகள் இருக்கும் அறையில் ஊழியர் ஒருவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது’ என்ற விதியை எங்கள் காப்பகத்தில் நான் கொண்டுவந்தேன் என்றார். அதைப் பார்த்து இன்று எத்தனையோ காப்பகங்கள் அதைக் கடைப்பிடிக்கின்றன என்றார். அதற்காகத்தான் இந்த ஆண்டின் சிறந்த நிர்வாகி விருது என்றார். பிறகு வியந்து கேட்டார்: ‘இப்படி ஒரு விதி இவருக்கு எந்த நூலில் கிடைத்ததோ!’

நூலில் கிடைக்கவில்லை அம்மா. ஒரு பெண்ணின் வாழ்வை நான் கிழித்தேன். அந்தக் கிழிசலில் கிடைத்தது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரே நாளில், ஒரே காலையில், இரண்டு பெண்கள் ஒரு காப்பகத்தின் படியேறினோம். இருவருக்கும் உதவியாளர் வேலை. மூக்கைத் துடைப்பது, முகத்தைக் கழுவுவது, காலுறை மாட்டுவது, கீழே கொட்டியதைக் கூட்டுவது. ஒருத்தி நான். இன்னொருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தவள். தன் பெண் குழந்தையை அங்கேயே தொட்டிலில் போட்டுவிட்டு, ஊரார் பிள்ளைகளை அள்ளிக்கொண்டவள். அவளைக் குழந்தைகள் ‘பாட்டு மிஸ்’ என்று கூப்பிடும். குயில் குரல் என்று நினைத்துவிடாதீர்கள்! சுருதிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் வாயைத் திறந்தால் ஜன்னலில் இருக்கும் காக்கை எழுந்து போகும். ஆனால் அவள் பாடத் தொடங்கினால், அழுதுகொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு ‘ஐயோ, இது என்ன சத்தம்?’ என்று வாய்பிளந்து பார்க்கும். பார்த்த பிறகு சிரிக்கும்.

ஒரு சிறுவன் வந்தான். மூன்று வயது. வந்த நாளிலிருந்து யாரிடமும் பேசவில்லை. செருப்பு வைக்கும் அலமாரிக்குக் கீழே நுழைந்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவான். நாங்கள் கெஞ்சினோம், கொஞ்சினோம், பொம்மை காட்டினோம். பாட்டு மிஸ் என்ன செய்தாள் தெரியுமா? அவளும் அந்த அலமாரிக்குக் கீழே நுழைந்து, அவன் பக்கத்தில், அவனைப் போலவே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பேசவில்லை, பாடவில்லை. தினமும் அரைமணி நேரம். நான்காம் நாள் அவன் வாயைத் திறந்தான். “மிஸ், கொஞ்சம் தள்ளி உக்காரு. எனக்கு எடம் பத்தல.”

அவன் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்! அவள் அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “பாத்தியாடி, பேச வெச்சேன்ல? திட்டறதுக்குன்னா எல்லாரும் பேசிடுவாங்க!”

எனக்கு அந்தக் கை வரவில்லை. எனக்கு வந்தது வேறு. வரிசையாக அடுக்குவது, நேரம் பார்ப்பது, யார் எங்கே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்வது. எனக்கு நாற்காலி ஆசை இருந்தது. இளையோரே, இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஆசை பாவம் இல்லை. ஒரு காப்பகம் நன்றாக நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவதும், அதை நானே நடத்த வேண்டும் என்று ஆசைப்படுவதும் தவறே இல்லை. மாலை நேர நிர்வாகப் பயிற்சியில் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுப் படிப்பு. நாலரை மணிக்கு நான் கிளம்ப வேண்டும். கடைசிப் பிள்ளையின் அம்மா வரவே ஆறரை ஆகும். அந்த இரண்டு மணி நேரம் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் யார்? இரண்டு ஆண்டுகள், ஒருநாள் முகம் சுளிக்காமல் பார்த்தவள் யார்?

“நீ போய்ப் படிடி. நம்ம ரெண்டு பேரும் மூக்கே தொடச்சிக்கிட்டு இருந்தா, ஆபீஸ் ரூம்ல நமக்காக யாரு பேசறது?”

நமக்காக என்றாள். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இன்று இவ்வளவு வலிக்காது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் தலைமைப் பொறுப்பாளர் பதவி காலியானது. எனக்குச் சான்றிதழ் இருந்தது; எனக்குக் கிடைத்தது. முதல் நாள் நான் அந்த அறையில் உட்கார்ந்து மேசையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. பாட்டு மிஸ், பின்னால் ஒன்றன் சட்டையை ஒன்று பிடித்துக்கொண்டு பதினெட்டு வாண்டுகள்.

“எல்லாரும் பாத்துக்கோங்க. இவங்கதான் இனிமே பெரிய மிஸ். இவங்கள பாத்தா பயப்படணும்.”

முன்னால் நின்ற குட்டிப்பெண் கேட்டது: “ஏன்?”

அந்தக் குழந்தைக்கு நாங்கள் வைத்த பெயரே ‘ஏன் பாப்பா’. மூன்றரை வயது. எதற்கெடுத்தாலும் ஏன். “பல்லு ஏன் வெள்ளையா இருக்கு? செவுரு ஏன் நடக்காது?” அன்று அவள் கேட்ட கேள்விக்குப் பாட்டு மிஸ் குனிந்து பதில் சொன்னாள்: “சும்மா சொன்னேன் கண்ணு. இவங்க என் ஃப்ரெண்டு. பயப்பட வேணாம்.”

பயப்பட வேண்டாம் என்று சொல்லி நான்கு மாதம் ஆகவில்லை.

உரிமம் புதுப்பிப்பதற்காக ஆய்வு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. காலை பதினோரு மணிக்கு வருகை. நான் தலைமைக்கு வந்த பிறகு முதல் ஆய்வு. எனக்குக் கை கால் ஓடவில்லை. கோப்புகளுக்கு எண் ஒட்டவில்லை. அறிவிப்புப் பலகையில் போன ஆண்டுப் படம் தொங்குகிறது. அதிகாரி உட்கார நல்ல மேசை இல்லை. பத்து மணிக்கு வாசல் காவலரைக் கூப்பிட்டு, மாடியிலிருந்து மேசையை இறக்கச் சொன்னேன். வாசலில் வேறு ஆள் இல்லை. பிறகு மழலை அறைக்குப் போனேன். அங்கே பாட்டு மிஸ்ஸும் ஓர் இளம் உதவியாளரும் இருந்தார்கள். பதினெட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பேர். அதுதான் சட்டம். நான் அந்த உதவியாளரைப் பார்த்து, “எங்கூட வாம்மா, ஃபைல் ஒட்டணும்” என்றேன்.

பாட்டு மிஸ் வாசலுக்கு வந்தாள். மற்றவர் முன்னால் அவள் என்னை மேடம் என்றுதான் சொல்வாள்.

“மேடம், பதினெட்டுப் பிள்ளைங்க. இவளையும் கூட்டிட்டுப் போனா நான் ஒத்தையா என்ன பண்ணுவேன்?”

“பத்து நிமிஷம்தான். நீ பாக்காத கூட்டமா?”

“பாத்ததாலதான் சொல்றேன்.”

கேட்டீர்களா? பாத்ததாலதான் சொல்றேன் என்றாள். பத்து நிமிஷம்தான் என்று நான் திரும்ப நடந்தேன். அந்தப் பத்து நிமிடம், ஐம்பது நிமிடம் ஆனது.

பத்தே முக்காலுக்கு ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. ஆடையெல்லாம் வாந்தி. அழுகிறது, மூச்சுத் திணறுகிறது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு மூலையில் இருக்கும் குழாயடிக்குப் போனாள். எட்டு அடி தூரம். முதுகைத் தடவி, வாயைக் கழுவி, சட்டையை மாற்றித் திரும்பினாள். எண்ணினாள். அது அவள் பழக்கம். எப்போது திரும்பினாலும் எண்ணுவாள்.

பதினேழு.

மறுபடி எண்ணினாள். பதினேழு. அலமாரிக்குக் கீழே பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். எண்ணிக்கை பதினேழுக்கு மேல் ஏறவில்லை. நண்பர்களே, எமன் வருவதற்கு எருமை வேண்டாம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் போதும்.

தினமும் அந்த நேரத்துக்குத் தெருவில் குப்பை லாரி வரும். தினமும் ஏன் பாப்பா ஜன்னலில் நின்று கேட்பாள், “லாரி ஏன் போகுது? எங்க போகுது?” அன்று தானே போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டாள். அறைக் கதவைத் தள்ளினாள்; திறந்தது. நடையில் ஆள் இல்லை. வாசல் கதவு, மேசை இறக்குகிற அவசரத்தில், பூட்டாமல் கிடந்தது. பூட்ட வேண்டியவரை மாடிக்கு அனுப்பியவள் நான். பார்க்க வேண்டியவளைக் கோப்பு ஒட்ட அழைத்தவள் நான். அந்தக் குழந்தைக்கு இரண்டு கதவு இருந்தது. இரண்டையும் திறந்துவிட்டவள் நான்.

இரண்டாவது திருப்பத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டி வந்தவர் பாவம், குடும்பஸ்தர். அவரே குழந்தையை அள்ளிக்கொண்டு, ஒவ்வொரு வாசலாக ஓடினாராம். “இது எந்த ஸ்கூல் பாப்பா? யாராச்சும் சொல்லுங்களேன்!” எங்கள் வாசலுக்கு அவர் வந்தபோது, ஆய்வு அதிகாரியின் கார் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை. வலது முழங்கை நொறுங்கிவிட்டது. எலும்பு கூடியது, கை முழுதாக நீளவில்லை. இன்றுவரை நீளவில்லை.

அவள் அம்மா காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவர். ஆஸ்பத்திரிக்கு அந்த வேலை உடையோடு ஓடி வந்தார். நான் அடி விழும் என்று காத்திருந்தேன். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை.

“காலைல அவ கையப் பிடிச்சு உங்க கையில குடுத்தேனே மிஸ். இந்தக் கையதானே குடுத்தேன்?”

தாய்மாரே, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நான் என் குற்றத்துக்கு வரவில்லை. இதுவரை சொன்னது தவறு. தவறு யாருக்கும் நேரும். இனிமேல்தான் குற்றம்.

மறுநாள் எங்கள் காப்பக நிர்வாகக் குழுவின் செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். சம்பவ அறிக்கைத் தாள் மேசைமேல் இருந்தது. அதில் ஒரு வரி: ‘சம்பவத்தின்போது அறையில் இருந்த ஊழியர்களின் எண்ணிக்கை’. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்.

“இங்க பாரும்மா. ரூம்ல ரெண்டு பேர் இருந்தும் பிள்ள வெளிய போச்சுன்னா, அது அந்த ஊழியர் தப்பு. ஒருத்தர்தான் இருந்தாங்கன்னா, அது நிர்வாகத் தப்பு. உரிமம் போயிடும். நூத்திப்பத்துப் பிள்ளைங்க தெருவுல நிக்கும். நீங்களும்தான். நல்லா யோசிச்சு எழுதுங்க.”

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். பேனாவை எடுத்தேன். ‘இருவர்’ என்று எழுதினேன். நாலெழுத்து. அந்த இளம் உதவியாளரைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவளுக்கு இருபது வயது. “மேடம், நான் உங்ககூடத்தானே...” என்று தொடங்கினாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டு போட்டாள். அவளை யாரும் குறை சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம் ஆனவள். குறை சொல்ல வேண்டிய ஆள் இதோ, ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிறாள்.

(தலைவர் ஐயா ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘போதும், உட்காருங்கள்’ என்று எழுதியிருக்கிறது. ஐயா, உங்கள் கருணை எனக்குப் புரிகிறது. ஆனால் பதினைந்து ஆண்டு உட்கார்ந்துதான் இருந்தேன். இன்று ஒருநாள் நிற்க விடுங்கள்.)

விசாரணை நடந்தது. நீள மேசை; ஐந்து பேர் ஒரு பக்கம்; எதிரே பாட்டு மிஸ். அவள் வாய் மூடி அழுதாள் என்று நினைக்காதீர்கள். அவள் பேசினாள். மூன்று முறை சொன்னாள். “நான் தனியாத்தான் இருந்தேன். எனக்குத் துணைக்கு யாரும் இல்ல.” அவர்கள் தாளைக் காட்டினார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“கேளுங்க, இவங்களே சொல்வாங்க. சொல்லுங்க மேடம்.”

ஐந்து முகங்கள் என்னைப் பார்த்தன. நான் சொன்னேன்: “வேலைப் பட்டியல்ல ரெண்டு பேர் இருக்காங்க.”

கவனித்தீர்களா? அதில் பொய் இல்லை! பட்டியலில் இரண்டு பேர் இருந்தது உண்மைதான்! உண்மையை எடுத்து உண்மையையே குத்துகிற வித்தை எனக்கு அன்று எங்கிருந்து வந்தது?

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மேடம் மறந்துபோனது, மரியாதை மறந்துபோனது.

“பட்டியல கேக்கலடி, ரூம கேக்கறேன்!”

நான் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பாதி தண்ணீர் இருந்தது. அதைத் தவிர அன்று வேறெதுவும் எனக்கு நினைவில்லை.

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். காப்பகம் பிழைத்தது. நான் பிழைத்தேன்.

அதோடு விட்டேனா? இல்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரே வேலை. மூன்று காப்பகங்களில் வேலை கேட்டிருக்கிறாள். மூன்று இடத்திலிருந்தும் எனக்குத் தொலைபேசி வந்தது. “உங்ககிட்ட இருந்தவங்களாமே, எப்படி?” நான் என்ன சொன்னேன்? “ரொம்ப நல்லவங்க... ஆனா...” என்றேன். அவ்வளவுதான். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லை. எதிர்முனையில் “ஓ, சரிங்க” என்று வைத்துவிட்டார்கள். நாவினால் சுட்ட வடு ஆறாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோமே, நான் ஒரு முழு வசைகூடச் சொல்லவில்லை ஐயா! பாதி வாக்கியத்தில் ஒருத்தியின் பிழைப்பைச் சுட்டேன். நான்காவது இடத்திலிருந்து தொலைபேசி வரவில்லை. அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அவளை நீக்கிய வாரமே நான் விதி போட்டேன். அறையில் ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது; ஒரு நிமிடம்கூடக் கூடாது. அவள் வாசலில் நின்று கேட்டதைத்தான் விதியாக எழுதினேன். அவள் சொன்னபோது தொல்லையாக இருந்தது. நான் சொன்னபோது தொலைநோக்காகிவிட்டது. பாராட்டினார்கள். பயிற்சி வகுப்புகளுக்கு அழைத்தார்கள். நான் பேசப் பேசக் கைதட்டினார்கள். ஒவ்வொரு கைதட்டும் என் கன்னத்தில் விழுந்தது. ஆனாலும் அடுத்த அழைப்புக்கும் போனேன்.

சென்ற மாதம் இந்த விருதுக்காக ஒரு படிவம் அனுப்பினார்கள். ‘இந்த விதியை உருவாக்கத் தூண்டிய நிகழ்ச்சி எது?’ கீழே நான்கு கோடு. எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. பொய்யை மறுபடி ஒருமுறை எழுதக் கை மறுத்தது. எழுந்து, அவளைத் தேடிப் போனேன்.

அட்டைப்பெட்டி ஒட்டும் ஒரு பட்டறையில் இருக்கிறாள். உச்சிவேளை, சாப்பாட்டு நேரம். குழாயடியில் விரலில் ஒட்டிய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள்.

“வாங்க மேடம்.”

அடித்திருக்கலாம். நானும் அவளும் மட்டும் நிற்கும்போது அவள் என்னை மேடம் என்று அழைத்ததே இல்லை.

“என்னை மன்னிச்சிடு” என்றேன்.

“அது எங்கிட்ட இல்ல. இருந்தா குடுத்திருப்பேன்.”

“நான் எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லப் போறேன்.”

“சொல்லு. இத்தன வருஷம் கழிச்சு எனக்கு வேலையா தரப்போறாங்க?” பசையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நிறுத்தினாள். “என் பொண்ணு ஞாபகம் இருக்கா? தொட்டில்ல கிடந்தாளே. அவளுக்கு இப்ப ஒரு பையன். ரெண்டு வயசாகப் போகுது. பக்கத்துத் தெருவுலதான் இருக்காங்க. வேலைக்குப் போறா. பிள்ளைய யாருகிட்ட விடறா தெரியுமா? காப்பகத்துல. ‘நான் பாத்துக்கறேன்டி’ன்னு சொன்னேன். ‘வேணாம்மா, நீ கொஞ்சம் கவனக்குறைவு’ங்கறா. கோவமா சொல்லல. நல்லவிதமாத்தான் சொல்றா. சாயங்காலம் வேலை முடிஞ்சு போறப்ப, அந்தக் காப்பகத்து வாசல்ல ரெண்டு நிமிஷம் நிப்பேன். சில நாளு ஜன்னல்ல தெரிவான்.”

அவையோரே! ஊரார் பிள்ளைகளையெல்லாம் தன் பிள்ளையாக வளர்த்தவள், தன் பேரனை ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். இதைச் செய்தது யார்? நோயா? விதியா? நாலெழுத்து! நான் எழுதிய நாலெழுத்து!

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“எழுத்துல வேணும். நீ எழுத்துலதானே பொய் சொன்ன?”

எழுதினேன். நிர்வாகக் குழுவுக்கு ஒன்று. உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு ஒன்று. அவள் மகளுக்கு ஒன்று. அனுப்புவதற்கு முன் அந்த இளம் உதவியாளரைப் பார்த்துச் சொன்னேன். இப்போது அவருக்கும் இரண்டு பிள்ளைகள். “நானும் கையெழுத்துப் போடறேன் மேடம். இந்தத் தடவை உண்மைக்குப் போடறேன்” என்றார். போட்டார். அந்தக் கடிதத்தை இப்போது உங்கள் முன் வாசிக்கிறேன். நீளம் இல்லை.

‘சம்பவ நாளில், பத்து மணி முதல் பத்து ஐம்பது வரை, மழலை அறையில் பதினெட்டுக் குழந்தைகளுக்கு ஓர் ஊழியர் மட்டுமே இருந்தார். இரண்டாம் ஊழியரை அறையிலிருந்து அழைத்துச் சென்றவள் நான். வாசல் காவலரை அங்கிருந்து அகற்றியவள் நான். அறையில் இருந்த ஊழியர் முன்கூட்டியே எச்சரித்தார், நான் கேட்கவில்லை. நான் அளித்த அறிக்கை பொய். அந்த ஊழியர் மீது எந்தக் குற்றமும் இல்லை.’

ஏன் பாப்பாவின் வீட்டுக்கும் போனேன். இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது ஆகப்போகிறது; கல்லூரியில் படிக்கிறாள்; இடக்கையால் எழுதுகிறாள். அவள் அம்மா நான் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: “அப்ப இவ கை வலிக்குதுன்னு அழல மிஸ். பாட்டு மிஸ் ஏன் வரலன்னுதான் அழுதா. நான்தான், அந்தப் பொம்பள பேர வீட்டுல எடுக்காதன்னு அவள அடிச்சேன். ஒரு பாவமும் அறியாதவள எத்தன வருஷமா திட்டியிருக்கேன்.” என்னை அவர் திட்டவில்லை. திட்டித் திட்டிச் சலித்த வாய். எழுந்து உள்ளே போய்விட்டார். மகள்தான் வாசல்வரை வந்து, நான் செருப்பு மாட்டும்வரை நின்றாள்.

முந்தாநாள் மாலை பாட்டு மிஸ்ஸின் மகளிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இடுப்பில் பையனை வைத்துக்கொண்டு, வாசலில் நின்றபடியே படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“எங்கம்மா எங்கிட்ட சொன்னாங்க ஆன்ட்டி. அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. நம்பினேன். அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல... நான்தான் நம்பாமப் போயிட்டேன்.”

கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுதது தெருவுக்குக் கேட்டது.

இளையோரே, தலைமைக்கு உயர்வது எப்படி என்று கேட்டீர்கள். உயருங்கள். பிள்ளைகளை நேசிக்கிறவர்கள்தான் அந்த நாற்காலிக்கு வர வேண்டும். வேறு யார் வருவது? ஆனால் அந்த அறையில் உங்கள் முன்னால் கட்டங்கள் நிறைந்த தாள்கள் வரும். கட்டத்தைப் பார்க்காதீர்கள், அறையைப் பாருங்கள். உள்ளே நிற்கிறவள் ‘என்னால் ஆகாது’ என்று சொன்னால், அது சோம்பல் என்று நினைக்காதீர்கள். அவள் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். தவறு செய்தால் அன்றே சொல்லுங்கள். அன்று சொன்னால் போவது உங்கள் பதவி. பதினைந்து ஆண்டு கழித்துச் சொன்னால்? ஆண்டுக்குப் பதினெட்டுப் பிள்ளைகள் என்றால், இருநூற்றெழுபது பிள்ளைகள் அவள் மடியில் உட்காராமல் வளர்ந்துவிட்டார்கள். அவர்களை நான் எங்கே போய்க் கூட்டி வருவது? உண்மைக்கும் ஒரு பருவம் உண்டு. தவறவிட்டால் விளைந்தாலும் வீடு வந்து சேராது.

இந்த விருதை நான் பெற்றுக்கொள்ளவில்லை. அதை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போகிறேன். என் பதவி விலகல் கடிதமும் அந்தக் கடிதங்களோடே போய்விட்டது. உரிமம் என்ன ஆகும், எனக்கு என்ன தண்டனை என்பதை அதிகாரிகள் முடிவு செய்யட்டும், தலைகுனிந்து ஏற்பேன். கைதட்ட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், தட்டாதீர்கள்.

பாட்டு மிஸ் வந்திருக்கிறாளா என்று பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள். அழைத்தேன். இன்று காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் பதில் சொன்னாள்.

“நான் வரல. பொண்ணு இப்பதான் பிள்ளைய கொண்டாந்து விட்டுட்டு வேலைக்குப் போனா. ஒண்ணும் பேசல, அழுதா, விட்டுட்டுப் போனா. பட்டறைக்கு இன்னிக்கு லீவு சொல்லிட்டேன். உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. சரி, வெக்கிறேன், அவன் எதையோ எடுத்து வாயில போடறான்.”

ஆகவே, அவையோரே, அவள் வரவில்லை. அவளுக்கு வேலை இருக்கிறது.

பாதியில் எழுந்து போகாமல் பொறுத்துக் கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கும், சீட்டு அனுப்பிய பிறகும் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லாத தலைவர் ஐயாவுக்கும், மடியிலேயே தூங்கிப்போன அந்த இரண்டு வயதுப் பெரியவருக்கும் என் நன்றி. இறங்குகிறேன். உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.